மலையடிவாரத்துக்கும் போய்ச் சேரும் பாடம்

கல்வியைப் பற்றி நமது தேசத்தில் பேச்சுக்குக் குறைவில்லை. எதைக் கற்பிப்பது, எந்தப் பாஷையில் கற்பிப்பது, யார் கற்பிப்பது என்று சபைகளிலும் பத்திரிகைகளிலும் ஓயாமல் விவாதம் நடக்கிறது. ஆனால், தயாரித்து முடித்த பாடம் மாணாக்கனுடைய கையில் போய்ச் சேர்ந்ததா, சேர்ந்த பிறகு அது வாய் திறந்து பேசிற்றா என்று விசாரிப்பவர்கள் மிகச் சிலரே.

அச்சிட்ட புஸ்தகத்துக்கு இந்த விசாரணை அவசியமில்லை. சென்னையில் படிக்கப்படும் அதே புஸ்தகத்தைச் சங்கரன்கோயிலிலும் படிக்கலாம். கண்ணும் வெளிச்சமும் இருந்தால் போதும். வீடியோப் பாடத்தின் சங்கதி அப்படியல்ல. அதைப் பேச வைப்பதற்கு ஒரு யந்திரம் வேண்டும். அந்த யந்திரத்துக்கு அந்தப் பாடத்தின் மொழி தெரிந்திருக்கவும் வேண்டும்.

தென்காசி ஜில்லாவில், சிவகிரிக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் ராயகிரி என்னும் பேரூர் இருக்கிறது. முன்னே திருநெல்வேலி ஜில்லா, சங்கரன்கோயில் தாலுகா என்று விலாசம் எழுதப்பட்ட ஊர் அது. 2019-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் தென்காசி தனி ஜில்லாவானபோது அதனோடு சேர்ந்தது. அங்கே பள்ளிப் படிப்பை முடித்த ஒரு பெண், கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் வித்தையைக் கற்க விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மதுரையில் படிக்கும் அவளுடைய அண்ணன் ஒரு பென் டிரைவில் 40 பாடங்களை நகல் செய்து கொண்டுவந்து கொடுக்கிறான். ஆவலோடு திறக்கிறாள். முதல் பாடத்தில் படம் வருகிறது, குரல் வரவில்லை. இரண்டாவதில் குரல் கேட்கிறது, திரை இருண்டு கிடக்கிறது. மூன்றாவது பாடமோ, 'இந்தப் பைலைத் திறக்க முடியவில்லை' என்று ஒரே வாக்கியத்தில் தன் கடமையை முடித்துக்கொள்கிறது.

அந்தப் பெண் என்ன நினைப்பாள்? பாடத்தைச் செய்தவர் அஜாக்கிரதையாகச் செய்துவிட்டார் என்று நினைப்பாளா? மாட்டாள். 'இந்த வித்தை நமக்கு வராது போலிருக்கிறது' என்றுதான் நினைப்பாள். நாம் சொல்ல வந்த விஷயத்தின் விபரீதமெல்லாம் இந்த ஒரு நினைப்பில் அடங்கியிருக்கிறது.

பெட்டி ஒன்று, பாஷை இரண்டு

வீடியோப் பைல் என்பது ஒரே பொருள் அல்ல. அது ஒரு பெட்டி. பெட்டிக்குள்ளே படம் தனியாகவும் ஒலி தனியாகவும் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. பைலின் பெயருக்குப் பின்னால் எம்.பி.4 என்றோ, ஏ.வி.ஐ. என்றோ இருக்கும் வால், பெட்டியின் பெயரை மாத்திரமே சொல்லும். உள்ளே படத்தை எந்த முறையில் மடித்திருக்கிறார்கள், ஒலியை எந்த முறையில் மடித்திருக்கிறார்கள் என்பதை அது சொல்லாது. மடித்த முறையை அறிந்து பிரிக்கும் சாதனத்துக்குக் 'கோடெக்' என்று பெயர். படத்தைப் பிரிக்கும் கோடெக் இருந்து, ஒலியைப் பிரிக்கும் கோடெக் இல்லாவிட்டால், படம் ஊமையாகிவிடும். மறுபுறமானால் திரை குருடாகிவிடும்.

மடிக்காமலே அனுப்பினால் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். கணக்குப் பார்ப்போம். 640 புள்ளி அகலமும் 480 புள்ளி உயரமும் உள்ள சிறிய படம் ஒன்றுக்கு, புள்ளிக்கு மூன்று பைட் வீதம் 9,21,600 பைட் ஆகிறது. வினாடிக்கு 25 படங்கள் என்றால் சுமார் 23 மெகாபைட். பத்து நிமிஷப் பாடம் ஒன்றுக்கு ஏறக்குறைய 13.8 கிகாபைட். 700 மெகாபைட் கொள்ளும் ஸி.டி. தட்டுகளில் அந்த ஒரு பாடத்தை ஏற்ற 20 தட்டுகள் வேண்டும்! ஆகவே மடித்துத்தான் தீர வேண்டும். நல்ல வேளையாக, கம்ப்யூட்டர்ப் பாடத்தில் திரையின் பெரும் பகுதி அசையாமல் நிற்கிறது. சுட்டுமுள் மாத்திரம் நகர்கிறது. அசையாத பகுதியைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியதில்லை. வினாடிக்கு 200 கிலோபிட் என்ற அளவில் மடித்தால், அதே பத்து நிமிஷப் பாடம் 15 மெகாபைட்டில் அடங்கிவிடும். ஒரே தட்டில் 46 பாடங்களை வைத்துவிடலாம்.

மடிப்பது நல்லதுதான், ஆளுக்கொரு விதமாக மடித்ததுதான் வினையாயிற்று. 1991-ல் ஆப்பிள் கம்பெனி குவிக்டைம் என்ற முறையைக் கொண்டுவந்தது. 1992-ல் மைக்ரோஸாப்ட் கம்பெனி ஏ.வி.ஐ. பெட்டியைக் கொண்டுவந்தது. 1993-ல் வீடியோ ஸி.டி. பிறந்தது, நம் ஊர்க் கடைகளில் சினிமாப் படங்களை வாடகைக்குக் கொடுத்த தட்டுகள் இவைதாம். 2003-ல் சர்வதேச ஸ்தாபனங்கள் கூடி எச்.264 என்ற முறையை வகுத்தன.

இந்த நிலைமையைச் சங்கரன்கோயில் வாசிகளுக்கு விளக்குவது எளிது. விருதுநகரிலிருந்து ராஜபாளையம், சங்கரன்கோயில் வழியாகத் தென்காசிக்குச் செல்லும் ரயில் பாதை வெகு காலம் மீட்டர் கேஜ் பாதையாக இருந்து, 2004-ல்தான் அகலப் பாதையாயிற்று. மீட்டர் கேஜில் தண்டவாளங்களுக்கு நடுவே 1,000 மில்லிமீட்டர். அகலப் பாதையில் 1,676. வித்தியாசம் இரண்டு அடிக்குச் சற்று அதிகம். அந்த இரண்டடிக்காக ஒரு பாதையின் வண்டி மற்றப் பாதையில் ஓட முடியவில்லை. பிரயாணிகள் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி மாறினார்கள். வண்டியில் குற்றமில்லை, பாதையிலும் குற்றமில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

பம்பாயில் நடந்த முயற்சி

இந்தச் சங்கடத்தை நன்கு உணர்ந்து, தேச முழுவதற்கும் பாடங்களை அனுப்ப முனைந்தவர்கள் பம்பாய் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த 'ஸ்போக்கன் டுடோரியல்' இயக்கத்தினர். அங்கே ரஸாயனப் பொறியியல் துறைப் பேராசிரியரான கண்ணன் மௌத்கல்யா இதை நடத்தினார். மத்திய சர்க்கார் 2009 பிப்ரவரியில் தொடங்கிய தகவல் தொழில்நுட்பக் கல்வி தேசிய இயக்கத்தின் பொருளுதவி இதற்குக் கிடைத்தது.

இவர்கள் செய்த பாடத்தின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு பாடமும் சுமார் பத்து நிமிஷம். கம்ப்யூட்டர்த் திரையில் நடப்பதைக் காட்டிக்கொண்டே ஒரு குரல் விளக்குகிறது. மாணாக்கன் திரையின் ஒரு பாதியில் பாடத்தையும் மறு பாதியில் தான் கற்கும் செயலியையும் வைத்துக்கொண்டு, பாடத்தை நிறுத்தி நிறுத்தித் தானும் செய்து பார்க்கிறான். பதிவு செய்வதற்கு முன்பே, திரையில் தெரிவது ஒரு பத்தியிலும் சொல்ல வேண்டியது மறு பத்தியிலுமாக முழுவதும் எழுதப்படுகிறது. அந்த விஷயமே தெரியாத ஒருவர் அதைப் படித்துச் செய்து பார்த்து, புரிகிறது என்று சொன்ன பிறகுதான் பதிவு. ஆசிரியர் எதிரே இல்லாமல் கற்க வேண்டியவர்களுக்கு ஏற்பட்ட ஏற்பாடு இது.

குரலை மட்டும் தமிழ் உள்பட 22 பாரத பாஷைகளில் மாற்றி அமைத்தார்கள். திரையில் உள்ள ஆங்கில எழுத்துக்களை அப்படியே விட்டார்கள். தாய்மொழியில் கேட்டுப் புரிந்துகொள்ளும் மாணாக்கன், வேலைக்குப் போகும் இடத்தில் காணப் போகும் திரைக்கும் பழகிவிடுகிறான். பாடங்களை எவரும் நகல் எடுக்கலாம், பகிரலாம், திருத்தி அமைக்கலாம் என்ற அனுமதியும் கொடுத்தார்கள். இன்டர்நெட் வசதி இல்லாத இடங்களுக்காக, வேண்டிய பாடங்களையும் பாஷைகளையும் தேர்ந்தெடுத்து ஒரே தொகுப்பாக இறக்கி, ஸி.டி.யிலோ பென் டிரைவிலோ ஏற்றிக்கொள்ளவும் வழி செய்தார்கள்.

சரி, எந்த முறையில் மடிப்பது? இங்கேதான் ஒரு கொள்கைப் பிரச்னை எழுந்தது. எச்.264 முறைக்குப் பல கம்பெனிகள் பேடண்ட் உரிமை கொண்டாடின. அதைப் பிரிக்கும் சாதனத்தைக் கொடுப்பவர்கள் உரிமைப் பணம் கட்ட வேண்டியிருந்தது. இலவசமாக வழங்கப்படும் லினக்ஸ் போன்ற அமைப்புகள் அந்தப் பணத்துக்கு எங்கே போகும்? இலவச செயலிகளைக் கற்பிக்கும் பாடத்தைப் பார்க்க உரிமைப் பணம் கட்டிய கோடெக் வேண்டும் என்றால், அது அன்னசத்திரத்தின் வாசலில் சுங்கச் சாவடி வைத்ததாகும்.

ஆகையால் 'தியோரா' என்ற முறையை மேற்கொண்டார்கள். ஆன்2 என்ற அமெரிக்கக் கம்பெனி தன்னுடைய வி.பி.3 முறையை உரிமைப் பிடிப்பின்றிப் பொதுவுக்குக் கொடுத்துவிட, அதிலிருந்து பிறந்தது தியோரா. அதன் முதல் முழுப் பதிப்பு 2008 நவம்பரில் வெளிவந்தது. 2009 ஜூனில் வெளியான பயர்பாக்ஸ் 3.5, வேறு எந்தத் துணையும் இன்றித் தியோராப் படங்களைத் தானே காட்டிற்று. பயர்பாக்ஸும் இலவசம். ஆகவே தட்டும் பயர்பாக்ஸும் இருந்தால் விண்டோஸ் ஆனாலும் லினக்ஸ் ஆனாலும் பாடம் பேசும் என்ற நிலை ஏற்பட்டது.

ஒரே யந்திரம், இரண்டு முகம்

இதன் அருமையைத் தமிழ்நாட்டு மாணாக்கர்கள் நேரில் அறியச் சந்தர்ப்பம் வாய்த்தது. 2011 செப்டம்பர் 15-ம் தேதி தமிழ்நாட்டு சர்க்கார் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்ப வருஷங்களில் கொடுத்த யந்திரங்களில் விண்டோஸ் ஒரு புறமும், ஸி-டாக் ஸ்தாபனம் சென்னையில் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் மறு புறமுமாக இரண்டு அமைப்புகள் இருந்தன. ஒரே பெட்டி, ஒரே திரை. ஆனால் விண்டோஸோடு வந்த படக்கருவிக்குத் தியோரா தெரியாது. இலவச லினக்ஸ் அமைப்புகளுக்கோ உரிமைப் பணம் கேட்ட முறைகளைத் தாமாகச் சேர்த்துக் கொடுப்பது சங்கடமாயிருந்தது. காலையில் ஓடிய பாடம், வேறு அமைப்பில் யந்திரத்தைத் திறந்தால் மாலையில் ஓடாமல் போகலாம்!

2020-ம் வருஷத்துப் பெருந்தொற்றின்போது பள்ளிகள் மூடிக் கிடந்தன. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி வீடுகளுக்குப் பாடம் கொண்டு சென்றது. அது போதாமல், அந்த வருஷம் ஜூலையில் பன்னிரண்டாம் வகுப்பு மாணாக்கர்களின் மடிக்கணினிகளில் வீடியோப் பாடங்களை நகல் செய்து கொடுக்க சர்க்கார் ஏற்பாடு செய்தது. இன்டர்நெட்டை நம்பியிருந்தால் எத்தனை வீடுகளுக்குப் பாடம் போயிருக்காது என்பதை அந்த ஏற்பாடே ஒப்புக்கொள்கிறது. கையில் கொடுத்த நகலுக்கு மதிப்பு இன்னும் போகவில்லை.

காலத்தின் திருப்பம்

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. 2010-ல் கூகிள் கம்பெனி ஆன்2-வை வாங்கி, வெப்.எம். என்ற புதிய இலவச முறையை வெளியிட்டது. 2013-ல் ஸிஸ்கோ கம்பெனி எச்.264-க்கான உரிமைப் பணத்தைத் தானே கட்டி, அதைப் பிரிக்கும் சாதனத்தை எல்லோருக்கும் இலவசமாகத் தர முன்வந்தது. பயர்பாக்ஸ் அதை ஏற்றுக்கொண்டது. எச்.264 எங்கும் பரவிற்று. தியோராவைக் கேட்பவர்கள் குறைந்தார்கள். பயன் குறைந்த பழைய சாதனத்தில் திருடன் நுழைய வழி ஏற்படுமே என்று அஞ்சி, 2024-ல் குரோமும் அதே வருஷத்தில் பயர்பாக்ஸும் தியோராவை நீக்கிவிட்டன.

இதன் பொருள் என்ன? 2012-ல் ஆசையோடு வாங்கிப் பெட்டியில் வைத்த ஒரு தட்டை, இன்று புதிய பயர்பாக்ஸில் திறந்தால் பாடம் பேசாது. தட்டும் கெடவில்லை, பாடமும் கெடவில்லை. கேட்கும் காதுதான் மூடிக்கொண்டது. அதிகம் பேர் உபயோகித்த முறைக்கு உரிமைத் தொல்லை இருந்தது. உரிமைத் தொல்லை இல்லாத முறையை உலகம் கைவிட்டது. சுதந்திரமும் வேண்டும், துணையும் வேண்டும் என்பதை இதிலிருந்து நாம் அறிகிறோம்.

ஆயினும் இடிந்துபோக வேண்டியதில்லை. பாரிஸ் நகரத்து எஞ்சினீரிங் கலாசாலை மாணாக்கர்கள் 1996-ல் விளையாட்டாகத் தொடங்கிய வி.எல்.சி. என்ற கருவி, 2001-ல் பொது உரிமையில் வெளியிடப்பட்டது. அது பெரும்பாலான கோடெக்குகளைத் தன் மடியிலேயே வைத்திருக்கிறது. தியோராவையும் பேச வைக்கிறது. தவிர, பகிரவும் திருத்தவும் அனுமதி இருப்பதால், பழைய பாடங்களைப் புதிய முறைக்கு எவரும் மாற்றிக் கொடுக்கலாம். அனுமதி இல்லாத பாடமானால், அதைச் செய்த கம்பெனி கண்ணை மூடியதும் பாடமும் கூடவே போய்விடும். ஆகவே நகல் உரிமை தாராளமாக இருப்பது தர்மத்துக்காக மட்டுமல்ல, ஆயுளுக்காகவும் ஆகும்.

பாடம் செய்பவர்களுக்குச் சில வார்த்தைகள்

நம் ஊர்களில் இப்போது உபாத்தியாயர்களும் இளைஞர்களும் தாமே பாடம் பதிவு செய்கிறார்கள். அவர்களுக்காக அனுபவத்தில் தேறிய சில முறைகளைச் சொல்லுகிறோம்.

முதலாவது, எம்.பி.4 பெட்டியில் எச்.264 படமும் ஏ.ஏ.ஸி. ஒலியும் வைத்தால், மிகப் பெரும்பாலான யந்திரங்களில் பாடம் ஓடும். அதிலும் ஒரு கண்ணி உண்டு. திரையைப் பதிவு செய்யும் சில செயலிகள், எழுத்து மங்காமல் இருக்கட்டும் என்று வர்ணத்தை 4:4:4 என்ற நிறைவான முறையில் பதிகின்றன. பல கருவிகள் 4:2:0 முறையை மட்டுமே அறியும். முந்தியதில் அனுப்பினால் செய்தவருடைய யந்திரத்தில் அழகாக ஓடும் பாடம், பிறரிடம் கறுத்துப்போகும்.

இரண்டாவது, அதே செயலிகள் வினாடிக்கு இத்தனை படம் என்ற ஒழுங்கில்லாமல், திரை அசையும்போது அதிகமாகவும் நிற்கும்போது குறைவாகவும் பதிவு செய்வதுண்டு. பிற்பாடு வெட்டி ஒட்டும்போது குரல் ஒரு பக்கமும் சுட்டுமுள் ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடும். முதலிலேயே ஒரே சீரான வேகத்துக்கு மாற்றிக்கொள்வது உத்தமம்.

மூன்றாவது, பைல்களுக்குப் பெயர் வைக்கும்போது ரோமன் எழுத்தும் இலக்கமும் போதும். தமிழ்ப் பற்றைப் பாடத்துக்குள்ளே தாராளமாகக் காட்டலாம். பைலின் பெயரில் காட்டினால் சில பழைய செயலிகள் தொகுப்பைப் பிரிக்கும்போது பெயரைச் சிதைத்துவிடும். பாடங்களின் பட்டியலைக் காட்டும் முதல் பக்கம், இன்டர்நெட்டைத் தேடி ஓடாமல், பக்கத்தில் உள்ள பைல்களையே சுட்ட வேண்டும்.

நான்காவது, பென் டிரைவ்கள் பலவற்றில் உள்ள பழைய ஒழுங்குமுறையில் ஒரு பைல் 4 கிகாபைட்டைத் தாண்ட முடியாது. பாடங்களைச் சிறு சிறு துண்டுகளாக வைப்பதே மேல். பத்து நிமிஷப் பாடம் யந்திரத்துக்கும் நல்லது, மாணாக்கனுக்கும் நல்லது.

ஐந்தாவது, பாடத்தோடு வி.எல்.சி.யையும் சேர்த்தே அனுப்புங்கள். விருந்துக்கு அழைத்துவிட்டு இலையை நீயே கொண்டு வா என்று சொல்லலாமா? கூடவே, பேசியதை முழுவதும் எழுத்தில் வைத்து அனுப்புங்கள். எல்லாம் மாறிப்போனாலும் எழுத்து நிற்கும். காது கேளாதவருக்கும் அது உதவும்.

கடைசியாக, மடிக்காத மூலப் பதிவைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இன்று எச்.264-க்கு உள்ள செல்வாக்கு என்றைக்கும் நிலைத்திருக்கும் என்று யார் சொல்ல முடியும்? 2018-ல் ஏ.வி.1 என்ற உரிமைப் பணமில்லாத புதிய முறை வெளிவந்து பரவிக்கொண்டிருக்கிறது. மூலம் கையில் இருந்தால் எந்தக் காலத்துக்கும் ஏற்ப மறுபடி மடித்துக்கொள்ளலாம். மடித்ததையே திரும்பத் திரும்ப மடித்தால், துவைத்த கறுப்புத் துணிபோல் வெளுத்துப்போகும்.

இவ்வளவையும் செய்துவிட்டு, ஒரு பரீட்சையும் நடத்த வேண்டும். ஊரிலேயே மிகப் பழைய கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். அங்கே போய், பாடம் செய்தவர் கையை வைக்காமல், அந்த வீட்டுப் பிள்ளையையே திறக்கச் சொல்லுங்கள். புதிய யந்திரத்தில் ஓடுவது பெருமையல்ல. புதிய யந்திரம் உள்ளவனுக்கு வேறு நூறு வழிகள் உண்டு. பழைய யந்திரம் உள்ளவனுக்கு இந்த ஒன்றுதான் வழி.

நகரங்களில் கோடி ரூபாய் செலவில் பாடங்கள் தயாராகலாம். மந்திரிகள் விழா நடத்தி வெளியிடலாம். அவற்றின் தரத்தை நிறுத்துப் பார்க்கும் தராசு நகரத்தில் இல்லை. ராயகிரியில் ஒரு வீட்டில், மின்சாரம் வந்துபோகும் ஒரு மாலை வேளையில், பத்து வருஷத்து மடிக்கணினியைத் திறந்து வைத்திருக்கும் பெண்ணிடம் அது இருக்கிறது. அவள் ஒருமுறை தட்டியதும் பாடம் பேசிவிட்டால், அவள் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவாள். அந்த அடுத்த பாடத்துக்காகத்தான் இவ்வளவு பிரயாசையும்.